ரப்பர் தட்டின் மூன்று காதுகள்

போன மாதம் நிவேதாவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கும் பெண். நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பம்புக்குள் போகும் ரப்பர் தட்டின் டிராயிங் ஓரத்தில், 'காதுகளை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது' என்று என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு இருக்கிறதாம். காதுகள் இல்லாவிட்டால் வேலை சுலபம், விட்டுவிடலாமா என்று ரப்பர் வார்க்கும் அச்சு செய்பவர் கேட்கிறாராம். என்ன காரணம் என்று ஃபைலில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, ஒரு வரி பதில் போதும் மேடம் என்று முடித்திருந்தாள்.

ஒரு வரி எழுதிப் பார்த்தேன். "அடையாளத்துக்காக" என்று வந்தது. அதைப் படித்தால் யாருக்கும் அந்தக் காதுகளை விட்டுவைக்கத் தோன்றாது. எனவே நடந்ததை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு துவாக்குடிப் பக்கம் இருந்த அந்தச் சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ். டிராயிங் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் இரண்டு வருஷம் பிறர் வரைந்ததை டிரேஸ் எடுத்தேன், பிறகு சின்னச் சின்னப் பாகங்கள் வரைந்தேன், கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், இரண்டு பிரசவம், மாமியாரின் நோய் எல்லாம் அந்த பஸ் பயணத்துக்கு நடுவிலேயே நடந்தன. ஓய்வு பெறும்போது டிசைன் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தேன்.

நாங்கள் செய்தது சளி உறிஞ்சும் மெஷின். ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். சூட்கேஸ் அளவு பெட்டி, பக்கத்தில் ஒரு ஜாடி, ஒரு நீளமான டியூப். தானாக இருமித் துப்ப முடியாதவர்களுக்குத் தொண்டையில் சேரும் சளியை அதுதான் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் மோட்டார் ஓடும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் தட்டு மேலும் கீழும் அசையும். அந்த அசைவில்தான் காற்று இழுபடுகிறது.

விலைக்கு விற்றதைவிட வாடகைக்குக் கொடுத்ததுதான் அதிகம். நோயாளிக்குத் தேவை தீர்ந்ததும் மெஷின் எங்களிடம் திரும்பி வரும். ஜாடி, டியூப், வடிகட்டி மூன்றையும் மருத்துவக் கழிவில் சேர்த்துவிட்டு, மற்றதையெல்லாம் பிரித்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, சோதித்து அடுத்த இடத்துக்கு அனுப்புவோம். இப்போது இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்து ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் ஊழியர்களுக்கு அது ரிட்டன் செக்ஷன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். அதன் பொறுப்பு மரகதத்திடம் இருந்தது. கீரனூர்ப் பக்கத்திலிருந்து வருவார். பத்தாவது வரை படித்தவர். ஒரு மெஷினைத் தூக்கும்போதே எடையை வைத்து உள்ளே எந்த மோட்டார் என்று சொல்லிவிடுவார்.

அந்த ஷெட்டை உண்டாக்கியவர் எங்கள் டிசைன் தலைவர் மீரான் சார். தென்னூர்க்காரர். மெலிந்த உடம்பு, எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. பெருக்க வருகிற அம்மாவிலிருந்து முதலாளி வரை எல்லோரையும் 'வாங்க, போங்க'தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் டிராயிங்கில் கையெழுத்து வாங்கப் போகும் நாளில் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். நாம் செய்துகொண்டு போன மாதிரியை அதன் நடுவில் வைப்பார். பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர். "பிரிங்க" என்பார். அவ்வளவுதான். நாம் பிரிக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் இடமிருந்து வலமாக வரிசையாக வைக்க வேண்டும். நடுவில் இன்னொரு கருவி தேவைப்பட்டு நாம் சுற்றிமுற்றிப் பார்த்தால், அவர் தன் மேஜை டிராயரை மெதுவாக மூடுவார். அன்றைக்குக் கையெழுத்து கிடையாது என்று அர்த்தம். பசை போட்டு ஒட்டியிருந்தாலும் அதேதான். வரிசை முடிந்ததும் பென்சிலால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, "இது எங்க போகும்?" என்று கேட்பார். திரும்ப மெஷினுக்குள் போகுமா, உருக்கப் போகுமா, எரிக்கப் போகுமா என்று சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்றுக்கு "தெரியலை சார்" என்றால் டிராயிங் முழுவதும் திரும்பி வரும்.

ஒரு தடவை சலித்துப்போய்க் கேட்டுவிட்டேன். "வாங்குறவங்க யாரு சார் இதைப் பிரிக்கப் போறாங்க?"

"மரகதம் பிரிப்பாங்கம்மா. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு" என்றார்.

ரப்பர் தட்டையும் அவர்தான் வரைந்திருந்தார். அதன் வெளி விளிம்பில் அரிசி அளவுக்கு மூன்று முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் காதுகள் என்போம். மெஷின் ஒரு சுற்றுப் போய் வந்ததும் மரகதத்தின் ஆட்கள் தட்டை விளக்கு வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, கீறல் இல்லையென்றால் ஒரு காதை வெட்டி மறுபடி போடுவார்கள். மூன்று காதும் போன தட்டு திரும்பி வந்தால் கழிவில் போட்டுவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தொட்டே சொல்லிவிடலாம், இது எத்தனையாவது சுற்று என்று.

கொரோனா இரண்டாவது அலையின்போது இந்த இடத்தில்தான் நான் தவறினேன்.

மீரான் சார் அப்போது பைபாஸ் ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கக் காத்து வீட்டில் இருந்தார். தில்லை நகர் நர்சிங் ஹோம்களிலிருந்து போன்மேல் போன். இருந்த மெஷினெல்லாம் வெளியே போய், இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்து, மறுபடி வெளியே போனது. அந்த நேரம் பார்த்து ரப்பர் தட்டு வார்க்கும் பழைய அச்சு தேய்ந்துபோனது. புது அச்சு செய்பவர் போனில், "மேடம், இந்த மூணு முனைதான் தொந்தரவு. தட்டை எடுக்கும்போது அங்கதான் கிழியுது. அதை விட்டுடுங்க, ஒரு வாரத்துல அச்சு தரேன். வேணும்னா இருபது நாள் ஆகும்" என்றார்.

இருபது நாள். அன்று காலையில்தான் ஒரு டாக்டர் போனிலேயே அழுதிருந்தார்.

காதுகளை நீக்கி, அதற்குப் பதில் 'ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெயின்ட் புள்ளி' என்று எழுதி, மீரான் சார் ஒப்புதல் தரும் கட்டத்தில் அவருக்காக நானே கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. துணி விரித்து யாரும் என்னை உட்காரவைக்கவில்லை. நானும் உட்காரவில்லை.

அலை ஓய்ந்து சில மாதம் கழித்து, ஒரு கிளினிக்கிலிருந்து மெஷின் ஒன்று பாதி வாடகைக் காலத்திலேயே திரும்பி வந்தது. இழுவை இல்லை என்றார்கள். மரகதம் அதைப் பிரித்து, ரப்பர் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். விளிம்பை மடித்துக் காட்டினார். உள்பக்கம் பாதி வட்டத்துக்குக் கீறியிருந்தது.

"எத்தனையாவது சுற்று?" என்றேன்.

"புள்ளியே இல்லை மேடம். புள்ளி இல்லன்னா புதுசுன்னுதானே கணக்கு. ஆனா இது புதுசில்லை. ரப்பர் வெளுத்துக் கிடக்கு பாருங்க."

நான் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் சட்டைமேல் போட்டிருந்த ஏப்ரன் பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார். "நேத்து இதுல நானே ரெண்டு புள்ளி வச்சு நம்ம மருந்துத் தண்ணியில ஊறப் போட்டேன். காலைல எடுத்தா சுத்தமா இருக்கு."

அப்போதுதான் புரிந்தது. கொரோனாவுக்காகக் கிருமிநாசினியை இன்னும் காரமானதாக மாற்றியிருந்தோம். அந்த முடிவு வேறு பிரிவில் எடுத்தது. அது பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று யாரும் பார்க்கவில்லை. புள்ளி வைத்த தட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் புள்ளி அழிந்து, புதுசு என்ற கணக்கில் மறுபடி மறுபடி உள்ளே போயிருக்கின்றன.

மரகதம் கிளம்பும்போது, "நான் ரெண்டு மாசம் முன்னாடியே வந்து கேட்டேன் மேடம், புதுசு இவ்வளவு வருதேன்னு. நீங்க போன்ல இருந்தீங்க. புள்ளி இல்லன்னா புதுசுதான் மரகதம்னு சொல்லிட்டீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அதனாலேயே இன்னும் வலித்தது. எனக்கு அந்தப் பேச்சு நினைவிலேயே இல்லை.

காது இல்லாத தட்டோடு வெளியே போன மெஷின்கள் ஐம்பத்து மூன்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுத் தென்னூருக்குப் போனேன். பைபாஸ் முடிந்து மூன்று வாரமே ஆகியிருந்த மீரான் சார், மார்புக்குத் தலையணையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முழுவதையும் சொன்னேன்.

"டிராயிங்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார். உங்க கட்டத்துல போட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் தலையணையின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்து, "ரெண்டு டீ" என்றார். பிறகு, "அம்பத்து மூணுல வீட்டுல இருக்கிறது எத்தனை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. கையோடு கொண்டுபோன வாடகை ஃபைலைப் பார்த்துச் சொன்னேன், முப்பத்தொன்று.

"அதுதான் முதல்ல. ஆஸ்பத்திரியில ஒண்ணு நின்னா இன்னொண்ணை இழுத்துட்டு வருவாங்க. வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கும்." டீ வந்தது. குடித்து முடித்தார். பிறகு போனில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். உங்கள் மெஷினில் ஒரு ரப்பர் பாகத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது. தவறு எங்களுடையது. மாற்றுவதற்கு நாங்களே வருகிறோம். வரும்வரை காலையும் மாலையும் டியூப் வாயை விரலால் அடைத்து, இழுவையைக் காட்டும் மீட்டரில் முள் பச்சைக் கோட்டுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள், வேறு மெஷினோடு வருவோம்.

"'தவறு எங்களுடையது'ங்கிறதை விட்டுடாதீங்க ஜெசிந்தாம்மா" என்றார். "அதைச் சொல்லலேன்னா, தான் ஏதோ தப்பா ஓட்டிட்டோம்னு அந்த வீட்டுல இருக்கிறவங்க பயந்துக்குவாங்க."

மறுநாள் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த அலையில் எத்தனையோ மெஷின்களை வாடகை வாங்காமல் அனுப்பியவர். ஆனால் ரிட்டன் செக்ஷன் விஷயத்தில் அவருக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. "பழைய சாமான் போட்டு ஏமாத்திட்டாங்கன்னு ஒருத்தன் போட்டோ போட்டான்னா போதும்மா. அந்த ஷெட்டையே மூடணும். ஒம்பது பேர் வேலை போகும். சத்தமில்லாம அடுத்த சர்வீஸ்ல மாத்திடுவோமே" என்றார்.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, பதினொரு மணிக்கு ஆட்டோவில் மீரான் சார் வந்து இறங்கினார். டாக்டர் வெளியே போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். மரகதத்திடம் கிளினிக்கிலிருந்து வந்த மெஷினை, அதே கீறல் விழுந்த தட்டைப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அதை முதலாளியின் மேஜைமேல் வைத்து ஸ்விட்ச் போட்டார். மெஷின் நன்றாகத்தான் உறுமியது.

"முதலாளி, டியூப் வாயை விரலால அடைங்க. இன்னொரு கையால மூக்கைப் பிடிச்சுக்குங்க. முள்ளு பச்சைக் கோட்டுக்கு வந்ததும் மூச்சு விட்டுக்கலாம்."

முதலாளி சிரித்துக்கொண்டே செய்தார். முள் ஏறியது. பாதியில் நின்று நடுங்கியது. அவர் கண் முள்மேலேயே இருந்தது. முகம் சிவந்தது. முள் அங்கேயேதான் நின்றது. கடைசியில் விரலை எடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மீரான் சார் மெஷினை நிறுத்தினார். டியூபைச் சுருட்டி வைத்தார்.

முதலாளி கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என் வண்டியையே எடுத்துக்குங்க. டிரைவரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மாற்றிப் போட நல்ல தட்டு வேண்டுமே. பழைய அச்சில் வார்த்தவை, காது மிச்சம் உள்ளவை, பிரிக்காமல் கிடந்த மெஷின்களிலிருந்து மரகதம் அன்றே நாற்பதுக்கும் மேல் எடுத்துக் கொடுத்தார். அவை எத்தனை சுற்று ஓடியவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. புது அச்சிலும் காதுகளைக் குடையச் சொன்னேன். அச்சு செய்பவர் நான்கே நாளில் முடித்தார். ஏற்கெனவே இருக்கிற அச்சைக் கொஞ்சம் குடைவதுதானே. அந்த நான்கு நாளை, அலை தணிந்ததுமே கேட்டு வாங்கியிருக்கலாம்.

பிறகு ஐந்து நாள் நானும் மரகதமும் காரில் சுற்றினோம். டிக்கியில் சோதித்த மெஷின் இரண்டு, ரப்பர் தட்டுகள், வெள்ளைத் துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். வீட்டுக்குள் போனதும் முதலில் எங்கள் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடவிட்டு, பிறகு அவர்களுடையதைச் சாப்பாட்டு மேஜையிலோ தரையிலோ வைத்துப் பிரிப்போம். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீரான் சார் டிராயரை மூடி மூடி எங்களை வதைத்த அந்த ஒற்றை ஸ்க்ரூ டிரைவர் விதி இல்லாமல் இருந்திருந்தால், முப்பத்தொரு வீட்டிலிருந்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சோதித்துத் தயாரான மாற்று மெஷின் எங்களிடம் அத்தனை இல்லை.

மூன்றாவது நாள் ஸ்ரீரங்கம். முள் பச்சைக் கோட்டுக்கு வரவில்லை என்று அன்று காலைதான் அங்கிருந்து போன் வந்திருந்தது. உத்தர வீதியில் மாடியில் ஒரு வீடு. வைதேகி மாமி கதவைத் திறந்தார். அவர் கணவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் மூச்சு. பேச முடியாது. மடியில் ஒரு சிலேட்டு வைத்திருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அதில் எழுதி உயர்த்திக் காட்டினார்: 'டிக்கெட்?'

மரகதம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை.

"நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே நேக்குத் தெரியும்" என்றார். "பத்து நாளா சத்தம் மாறிடுத்து. முன்னல்லாம் நாலு தடவை வச்சா போறும், மாமாவுக்கு மூச்சு தெளிஞ்சிடும். இப்போ ஏழு, எட்டு ஆறது. என் கைதான் சரியில்லையோன்னு நினைச்சுண்டேன். நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை மறந்துட்டேனோன்னு பெருமாள்கிட்ட அழுதேன்."

எங்கள் மெஷினை ஓடவிட்டு, அவருடையதைத் துணிமேல் வைத்துப் பிரித்தேன். தட்டை எடுத்து விளிம்பை மடித்தேன். கீறல். முப்பத்தொரு வீடுகளில் நாங்கள் கண்ட ஏழு கீறல்களில் அதுதான் பெரியது.

மாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுதானா?"

"ஆமாம் மாமி. இதோட ஆயுசு எப்போ முடியும்னு காட்டுற அடையாளம் இதுல இருந்தது. டிராயிங்லேர்ந்து அதை எடுத்தது நான்தான்."

"ஆயுசுன்னா? அப்போ இது புதுசு இல்லையா?"

"இல்லை மாமி. இந்த மெஷின் உங்களுக்கு முன்னாடி சில இடங்களுக்குப் போய்ட்டு வந்தது."

அவர் முகம் மாறியது. "கொண்டு வந்தப்போ பிளாஸ்டிக் கவர் போட்டு, டேப் ஒட்டி, புத்தம் புதுசு மாதிரின்னா கொடுத்தேள்? ஒரு வார்த்தை சொன்னேளா? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஆயிரம் பேர் படுத்துட்டுப் போறா, நாமளும்தான் படுக்கறோம். சொல்லியிருந்தா நான் காதைத் தீட்டிண்டு கேட்டுண்டு இருந்திருப்பேன். முதல் நாளே கூப்பிட்டிருப்பேன்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணிமேல் வைத்தேன். வாடகைப் படிவத்தின் கடைசியில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. காதை நீக்கியது ஒரு தவறு. அந்த பிளாஸ்டிக் கவர் அதைவிடப் பழைய தவறு, அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வருஷக்கணக்காகச் செய்திருந்தோம்.

மாமி பேசிக்கொண்டே போனார். கட்டிலிலிருந்து சிலேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினோம். மாமா எழுதியிருந்தார்: 'அவாளை வேலையைப் பாக்க விடு.'

நல்ல தட்டைப் போட்டு மூடினேன். மாமியே டியூப் வாயை விரலால் அடைத்தார். முள் விறுவிறுவென்று பச்சைக் கோட்டைத் தாண்டியது. அவர் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். அப்புறம்தான் தோள் இறங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நாளைக்கும் வந்து பார்த்துட்டுப் போங்கோ" என்றார். ஒரு வாரம் தினமும் போனேன். ஏழாவது நாள் குடிக்கத் தீர்த்தம் கொடுத்தார். எட்டாவது நாள், "இனிமே நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஐம்பத்து மூன்றையும் மாற்றி முடித்தோம். யாருக்கும் உயிராபத்து வரவில்லை. அதை எங்கள் திறமை என்று நான் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. மாமியைப்போல எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருத்தர் நாலுக்குப் பதில் எட்டு தடவை டியூபை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

ஆனால் முதலாளி பயந்ததும் நடந்தது. இரண்டு ஆஸ்பத்திரிகள் எங்களிடம் வாடகைக்கு எடுப்பதை நிறுத்தின. ரிட்டன் செக்ஷனில் ஒன்பது பேர் ஆறு பேரானார்கள். மூன்று பேரை அசெம்ப்ளிக்கு மாற்றினோம். அதில் ஒருத்தி அங்கே ஒட்டாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளிடம் பேசப் போனபோது, "உங்களைச் சொல்லல மேடம்" என்றாள். அது இன்றும் என் மனசில் கிடக்கிறது.

மீரான் சார் வேலைக்குத் திரும்பியதும் துணியை விரித்து, காதுள்ள புதுத் தட்டோடு மெஷினை வைத்து, "பிரிங்க" என்றார். ஐம்பத்தைந்து வயதில் புதிதாகச் சேர்ந்தவளைப்போலப் பிரித்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் பதில் சொன்னேன். அவர் டிராயிங்கில் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "அது உங்களுக்குத்தானேம்மா தெரியும்" என்றார். 'காதுகளை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிளாஸ்டிக் கவரை நிறுத்தினோம். அதற்குப் பதில் ஒவ்வொரு மெஷினின் கைப்பிடியிலும் ஒரு அட்டை தொங்கவிட்டோம். இது எத்தனையாவது சுற்று, எந்தெந்தப் பாகம் புதிது, எது ஏற்கெனவே ஓடியது, யார் பிரித்துச் சோதித்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். முதல் சில மாதம் அட்டையைப் படித்துவிட்டு வேண்டாம் என்றவர்கள் உண்டு. பிறகு அதைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். விட்டுப்போன ஆஸ்பத்திரிகளில் ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து வைதேகி மாமி போன் செய்தார். மாமா பரமபதித்துவிட்டதாகச் சொன்னார். வீட்டிலேயே, பகலில், தூங்குகிற மாதிரி. மெஷினை எடுக்க வண்டி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில், ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி வரை ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினார். துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"இது இனி என்ன ஆகும்னு பாக்கலாமா?" என்று கேட்டார்.

ஷெட்டுக்குள் வெளியாட்களை விடுவதில்லை. கூட்டிக்கொண்டு போனேன். மரகதம் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஜாடியும் டியூபும் கழிவுக் கூடைக்குப் போவதை மாமி பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார், பெட்டி, பம்ப் எல்லாம் துணிமேல் வரிசையாக வந்தன. போன சர்வீஸில் மாற்றியிருந்த ரப்பர் தட்டை மரகதம் விளக்கில் இழுத்துப் பார்த்து, மாமியிடம் காட்டி, ஒரு காதை வெட்டினார். மாமி அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். 

"அடுத்தாப்ல யாராத்துக்குப் போறது?"

"அது எங்களுக்கே இன்னும் தெரியாது மாமி. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"சரிதான். வேண்டாம்." கைப்பிடியில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். அது வெறுமையாக இருந்தது. "இதுல ஒண்ணு எழுதலாமா?"

அந்த அட்டையை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவளும் நானே. மரகதம் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

மாமி ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜைமேல் குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

'ஜாடி முக்கால் நிறைவதற்குள் கொட்டிவிடுங்கள். டியூபை வைத்ததும் அவசரப்படாமல் பத்து வரை எண்ணுங்கள். முதல் வாரம் கை நடுங்கும், பிறகு நடுங்காது. சத்தம் மாறினால் உங்கள் கை மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள், உடனே கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், வருவார்கள்.'

பெயர் எழுதவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

முன்பக்கக் கட்டங்களுக்கு மட்டும் புதிய காகிதம் ஒட்டி, அதே அட்டையோடு அந்த மெஷினை அனுப்பினோம். அது திரும்பி வந்தபோது மாமியின் எழுத்துக்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது: 'பத்து வரை எண்ணினால் போதவில்லை, எங்கள் அப்பாவுக்குப் பதினைந்து. கை நடுக்கம் நின்றது உண்மை.'